அளந்து பாராமை

மோட்டார் வண்டியின் எஞ்சினைப் பிரிப்பதும் அதனை மீண்டும் கோப்பதும் ஒரே வேலையை முன்னும் பின்னுமாகச் செய்வதென்று பலர் எண்ணுகின்றனர். அஃது அவ்வாறன்று. பிரிக்குங்கால் மறைந்திருந்தவை யாவும் ஒவ்வொன்றாக வெளிப்படுகின்றன. கோக்குங்கால் வெளிப்பட்டவை யாவும் ஒவ்வொன்றாக மறைகின்றன. பிரிப்பவன் கையில் குற்றம் அகப்படுகிறது. கோப்பவன் கையிலோ, அகப்பட்ட குற்றத்தை மூடிவிடும் வாய்ப்பும் சேர்ந்தே இருக்கிறது. அந்நிலையில் மனிதன் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதையே இங்கு ஆராயப் புகுந்தோம். மெக்கானிக்கு வேலையில் ஒழுக்க விசாரணைக்கு என்ன இடம் என்று நகைப்பாரும் உளர். அறம் ஏட்டில் பிறக்குமேயன்றி எண்ணெய் படிந்த கையில் பிறவாது என்ற பழைய எண்ணத்தின் மிச்சமே அந்நகைப்பு. அதற்கு விடை கூறி இடத்தை வீணாக்க விரும்புகிறோமில்லை.

1985-ஆம் ஆண்டில் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகா வண்டியை எடுத்துக்கொள்வோம். தோட்டக் குடியிருப்புகளிலும் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளின் கீழும் அது நின்றிராத இடம் அரிது. அதன் 1,298 கன சென்டிமீட்டர் எஞ்சினில், நான்கு சிலிண்டர்களையும் உடைய அடிப்பகுதியாகிய பிளாக் வார்ப்பிரும்பால் ஆனது; அதன்மேல் அமரும் சிலிண்டர் ஹெட் அலுமினியத்தால் ஆனது. இவ்விரண்டிற்கும் நடுவே கிடக்கும் மெல்லிய தகடே ஹெட் கேஸ்கட். ஒருபுறம் 2,000 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்தோடு எரியும் வாயு, ஒருபுறம் குளிர்விக்கும் நீர், மற்றொருபுறம் எண்ணெய். இம்மூன்றும் ஒன்றோடொன்று கலவாதபடி காப்பது அத்தகடுதான். எஞ்சினில் சூடு அளவு கடந்து ஏறும்போது, அலுமினியம் வார்ப்பிரும்பைக் காட்டிலும் ஏறத்தாழ இருமடங்கு விரிகிறது. போல்ட்டுகள் இறுகப் பிடித்திருத்தலால் விரிய இடம் பெறாத ஹெட் வளைந்துவிடுகிறது. வளைந்த இடத்தில் கேஸ்கட்டின்மேல் அழுத்தம் குறைய, வாயு அவ்வழியே புகுந்து தகட்டை அரிக்கத் தொடங்குகிறது. பின்னர் புகைக்குழாயில் வெண்புகை தோன்றும். எண்ணெய் மூடியின் உட்புறத்தில் நுரைத்த பால்தேநீர் போன்றதொரு படிவு காணும். ரேடியேட்டரில் குமிழிகள் எழும்.

ஆகவே, கேஸ்கட் கெட்டது விளைவேயன்றி மூலமன்று. ரேடியேட்டர் அடைத்திருக்கலாம், தெர்மோஸ்டாட் திறவாது நின்றிருக்கலாம், விசிறி சுழலாதிருந்திருக்கலாம், குழாய்த் தண்ணீரையே பல்லாண்டு ஊற்றியதால் உள்வழிகள் துருவேறியிருக்கலாம். புது வண்டி வாங்கிய அன்று கோயில் வாயிலில் நிறுத்திச் சக்கரங்களின்கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவோரை நாம் பார்த்திருக்கிறோம். அவர்களுள் எத்தனை பேர் அதே சிரத்தையோடு ரேடியேட்டர் நீரைக் காலந்தவறாது மாற்றுகின்றனர் என்று கேட்டால் கோபித்துக்கொள்வார்கள். எலுமிச்சம்பழத்தின்மேல் நமக்குப் பகையில்லை. ஊறுகாய்க்கு அது மிக நல்லது.

இனி, வீட்டு வாயிலிலேயே எஞ்சினைப் பிரித்த ஒருவன் அதனைக் கோக்கும் வேளைக்கு வருவோம். பழைய கேஸ்கட்டைச் சுரண்டி எடுத்தாயிற்று; ஹெட்டைத் துடைத்து வைத்தாயிற்று; புதிய கேஸ்கட் உறை பிரியாமல் பக்கத்தில் இருக்கிறது. இவ்விடத்தில் செய்ய வேண்டிய ஒரு சிறு காரியம் உண்டு. எஃகு நேர்கோல் ஒன்றை ஹெட்டின் முகத்தில் நெடுக்காகவும் குறுக்காகவும் மூலைக்கு மூலையாகவும் வைத்து, கோலுக்கும் ஹெட்டுக்கும் நடுவே ஃபீலர் கேஜின் மெல்லிய இதழ் நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். பல எஞ்சின்களில் 0.05 மில்லிமீட்டர் இடைவெளியே நல்ல நிலைக்கு எல்லை. அது செய்தித்தாளின் ஓர் ஏட்டுக் கனத்தினும் குறைவு. கண்ணால் காண இயலாதது. விரலால் தடவியும் உணர இயலாதது. எஞ்சினுக்குரிய நூலிற் கண்ட எல்லையை இடைவெளி கடந்திருப்பின் ஹெட்டைப் பட்டறைக்கு அனுப்பி இழைத்துச் சமப்படுத்த வேண்டும். அதற்குப் பணம் வேண்டும், நாளும் வேண்டும்.

அன்று ஞாயிறு மாலை என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் வேலைக்குப் போக வேறு வண்டி இல்லை, மாதக் கடைசி. அவன் ஹெட்டைக் கண்ணளவில் பார்க்கிறான். சமமாகத்தான் தோன்றுகிறது. நேர்கோலை எடுக்காமலே கேஸ்கட்டை விரித்து ஹெட்டை மேலே ஏற்றிவிடுகிறான்.

அவன் பொய் சொன்னானா? வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. எதையேனும் மறைத்தானா? மறைப்பதற்கு அவனுக்கு ஒன்றும் தெரியாது. பிறரை வஞ்சித்தானா? வண்டியும் அவனது, உழைப்பும் அவனது. கூலிக்கு வேலை செய்யும் பட்டறையில் செய்பவன் ஒருவன், உடையவன் ஒருவன். உடையவன் கேள்வி கேட்பான் என்ற அச்சமாவது செய்பவனுக்கு உண்டு. இங்கோ செய்பவனும், உடையவனும், மேற்பார்ப்பவனும் ஒருவனே. அவ்வாறாயின் அவன் வேலை மற்றெல்லார் வேலையினும் சுத்தமாக இருத்தல் வேண்டும். இல்லாமற் போவதேன்? மேற்பார்ப்பவன், தன் தீர்ப்புக்குரிய செலவைத் தானே கொடுக்க வேண்டியிருப்பதால், தீர்ப்புக் கூறும் நிலையே வராதபடி பார்த்துக்கொள்கிறான். உள்ளே ஓர் ஐயம் இல்லாதவன் நேர்கோலை அஞ்ச மாட்டான். அளந்து பாராது விட்டவன், விடை இன்னதாக இருக்கக்கூடும் என்று முன்னரே ஒருவாறு ஊகித்தவன். ஊகத்தை அறிவாக முற்றவிடாமல் தடுத்துக்கொண்டதே அவன் செய்த செயல்.

வில்லியம் கிங்டன் கிளிஃபோர்டு என்னும் ஆங்கிலக் கணித அறிஞர் 1877-ஆம் ஆண்டில் நம்பிக்கையின் ஒழுக்கத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு கப்பல் முதலாளி வருகிறான். தன் கப்பல் பழையது, பழுது பார்க்கப்பட வேண்டியது என்ற ஐயம் அவனுக்கு எழுகிறது. பல கடல்களைக் கடந்து வந்த கப்பலாயிற்றே என்றும், இறைவன் காப்பான் என்றும் தனக்குத் தானே சொல்லி ஐயத்தை அடக்கிக் குடியேறும் மக்களை ஏற்றி அனுப்புகிறான். கப்பல் மூழ்கியது, அவன் காப்புறுதிப் பணத்தை வாங்கிக்கொண்டான். அவன் நம்பிக்கை உண்மையானதாயினும் அவன் குற்றவாளியே என்பது கிளிஃபோர்டின் முடிவு. கப்பல் மூழ்காமல் கரை சேர்ந்திருப்பினும் குற்றம் குறையாது என்றும் அவர் கூறினார். இம்முடிவை நாம் ஏற்கிறோம். ஆயினும், அவர் காட்டிய மனிதன் செல்வன். கரையில் இருந்துகொண்டு பிறரைக் கடலுக்கு அனுப்பியவன். நாம் காட்டும் மனிதன் ஏழை. தானே தன் பெண்டு பிள்ளைகளோடு வண்டியில் ஏறப் போகிறவன். இருவரையும் ஒரே கோலால் அளப்பது நீதியா?

இக்கேள்வியைத் தட்டிக்கழித்துவிட்டு ஏழைக்கு ஒழுக்கம் போதிப்பது எளிது. அந்த எளிய வேலையைச் செய்வோர் நம்மிடையே போதிய அளவு இருக்கின்றனர். பட்டறைச் செலவுக்குப் பணமில்லாமை குற்றமாகாது. ஆனால் நேர்கோலை வைத்துப் பார்க்கப் பணம் வேண்டுவதில்லை; கால் மணி நேரமே வேண்டும். அவன் அளந்து, எல்லை கடந்திருக்கக் கண்டு, ‘இம்மாதம் வேறு வழியில்லை, இப்படியே கோக்கிறேன்’ என்று துணிந்தான் என்க. அவனை நாம் பழிக்க மாட்டோம். அவன் நெடுஞ்சாலையில் வண்டியை விரட்ட மாட்டான். காராக் மேட்டில் ஏற்ற மாட்டான். சூடு காட்டும் முள்ளின்மேல் ஒரு கண் வைத்திருப்பான். தண்ணீர்ப் புட்டியை உடன் வைத்திருப்பான். வெந்த ரேடியேட்டர் மூடியைத் திறக்கக்கூடாதென்று மனைவிக்கும் சொல்லியிருப்பான். அடுத்த சம்பளத்தில் ஹெட்டை மீண்டும் இறக்கப் பணம் ஒதுக்குவான். அளவாதவனுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. இருவர் எஞ்சினும் ஒன்றே, இருவர் வறுமையும் ஒன்றே. ஒருவன் இடரை அறிந்து சுமக்கிறான், மற்றவன் அதனை அறியாதிருக்க விரும்பித் தன்னோடு வருவோரையும் அறியாமலே ஏற்றிச் செல்கிறான். அறிந்து துணிதல் வேறு, அறியாமையைத் தேடிக்கொள்ளுதல் வேறு. ‘தெரிந்து செயல்வகை’ என்னும் அதிகாரத்தைத் திருவள்ளுவர் அரசியலில் வைத்தமையால் அஃது அரசர்க்கே உரியதென்று ஒதுக்கிவிட வேண்டா.

அளவாமையின் முழு உருவமும் அவ்வண்டியை விற்கும் நாளில்தான் வெளிப்படுகிறது. வாங்க வந்தவர், ‘எஞ்சின் எப்படி?’ என்கிறார். ‘கேஸ்கட் புதிது’ என்கிறான், அது மெய். ‘ஹெட் வளைந்திருந்ததா?’ என்கிறார். ‘எனக்குத் தெரியாது, ஐயா’ என்கிறான், அதுவும் மெய். ஒரு பொய்யும் சொல்லாமல் ஓட்டை வண்டியை வேறொரு ஏழையின் தலையில் கட்டியாயிற்று. இந்த மெய்யான ‘தெரியாது’, பல மாதங்களுக்கு முன் அந்த ஞாயிறு மாலையிலேயே செய்து வைக்கப்பட்டதென்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நீதிமன்றங்கள் எடுத்தாளும் குற்றச் சட்டத்தில் இதற்கென ஒரு கோட்பாடே உண்டு. ஐயம் எழுந்தும், அஃது உறுதியாகிவிடும் என்றஞ்சி வேண்டுமென்றே விசாரியாது விட்டவனை, அறிந்தவனுக்கு ஒப்பாக வைத்தெண்ணலாம் என்பது அது. தன் பையில் இருந்தது இன்னதென்று தெரியாது எனக் கூறும் போதைப்பொருள் வழக்குகளில் இது பெரிதும் பேசப்படுகிறது. சட்டம் கொடிய குற்றங்களுக்கு வைத்திருக்கும் அளவுகோலை ஒரு கேஸ்கட்டுக்கு நீட்டுவது மிகையெனச் சிலர் கருதலாம். தண்டனையை நீட்டச் சொல்லவில்லை. தெளிவை நீட்டச் சொல்கிறோம்.

அளந்துவிட்டால் மட்டும் போதுமா என்றால், போதாது. ஹெட்டின் பத்துப் போல்ட்டுகளையும் நடுவிலிருந்து தொடங்கி வெளிப்புறமாக, இரண்டு மூன்று தவணைகளில், டார்க் ரெஞ்சால் முடுக்க வேண்டும் என்பது விதி. குறித்த அளவு வந்ததும் ரெஞ்ச் ‘டக்’ என்று ஒலிக்கும். இவ்வொலியைக் கேட்டு மனம் நிறைவோர் பலர். உண்மை யாதெனில், நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழ நூற்றுக்கு 90 பங்கு, போல்ட்டின் தலைக்கடியிலும் புரிகளிலும் ஏற்படும் உராய்விலேயே போய்விடுகிறது. ஹெட்டைப் பிடித்து அழுத்துவதற்கு எஞ்சுவது 10 பங்கே. புரிகளில் துருவும் கரியும் இருப்பின் அந்தப் பத்தும் சுருங்கிப்போம். ரெஞ்சோ முன்போலவே ‘டக்’ என்னும். போல்ட் இறங்கும் குழிக்குள் எண்ணெயோ நீரோ தேங்கியிருப்பின், வெளியேற வழியற்ற அத்திரவம் பிளாக்கையே பிளந்துவிடவும் கூடும். கருவி பொய் சொல்லவில்லை; நாம் கேட்காத கேள்விக்கு அது விடை சொல்லவில்லை, அவ்வளவே. புரிகளைத் துடைக்காமல் டார்க் ரெஞ்ச் பிடிப்பவன், சடங்கை விட்டுவிட்டதாக எண்ணிக்கொண்டு வேறொரு சடங்கைச் செய்கிறான். சீர்திருத்தக்காரராகிய நம்மிடத்தும் இவ்வகைச் சடங்குகள் சில உண்டு. அவற்றைப் பிறிதொரு சமயம் பேசுவோம்.

மெய்யாகவே கேட்கப்பட்ட கேள்வி எத்தன்மையது என்பதற்கு அதே எஞ்சினில் நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. டைமிங் பெல்ட்டைக் குறிகளுக்கு நேராக மாட்டிய பிறகு, சாவியைத் திருப்புவதற்கு முன், கிராங்கை ஸ்பேனரால் கையாலேயே இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். கிராங்க் இரண்டு சுற்றினால் கேம் ஒரு சுற்று. குறிகள் மீண்டும் நேர் நிற்க வேண்டும். பிழை இருப்பின் எங்கேனும் தட்டும், அல்லது குறிகள் விலகி நிற்கும். ராகுகாலம் கழிந்ததா என்று கடிகாரம் பார்த்துச் சாவியைத் திருப்புவோரும் இந்த இரண்டு சுற்றைச் சுற்றுவதில்லை. எஞ்சினை நோக்கி ‘இல்லை’ என்று சொல்ல அதற்கு ஒரு வாய்ப்புக் கொடுப்பதே இச்செயலின் பொருள். ‘ஆம்’ என்ற விடையை மட்டுமே ஏற்க இசைந்தவன் கேள்வி கேட்டவனாகான். நம் சமயத்தைப் பற்றியும் சாதிப் பழக்கங்களைப் பற்றியும் ‘ஆராயாதீர், பெரியோர் செய்தது’ என்று கூறுவோர், அவை சரியானவை என்று நம்புவோராக இருந்தால் ஆராய்ச்சியை ஏன் அஞ்ச வேண்டும் என்று நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அதே கேள்வி நம் வீட்டு வாயிலிலும் கிடக்கிறது.

தோட்டத்தில் பால்மரம் சீவி வாழ்ந்த நம் முன்னோர், பால் நிறுக்கும் இடத்தில் கிராணியார் கைத் தராசைக் கண்கொட்டாது நோக்கியவர்கள். பாலின் தரத்தை அளக்க அதில் மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியை இடும்போது, அது நின்ற கோட்டைக் குனிந்து பார்த்தவர்கள். அளவு பிறர் கையில் இருந்தபோது அதன் மதிப்பை நாம் நன்கு அறிந்திருந்தோம். அளவின் பிழை எவன் சோற்றில் விழும் என்பது அன்று தெளிவாகத் தெரிந்தது.

இன்று அளவு நம் கைக்கு வந்திருக்கிறது. கருவிதான் பலரிடம் இல்லை. நேராக இழைத்த எஃகுக் கோலும், ஃபீலர் கேஜும், டார்க் ரெஞ்சும் ஆண்டில் ஒரு நாள் வேலைக்காக ஒரு குடும்பம் வாங்கத் தக்கவையல்ல என்று சொல்லலாம்; அது நியாயமே. நம் சங்கங்களிலும் மன்றங்களிலும் கலியாணத்துக்கும் கருமாதிக்கும் பெரிய அண்டாக்களையும் நாற்காலிகளையும் பொதுவில் வாங்கி வைத்து, பேரெழுதிக் கொடுத்து வாங்குகிறோம். அந்த அலமாரியில் இம்மூன்று கருவிகளுக்கும் இடம் உண்டு. நேர்கோலைக் கீழே போடாமலும் துருவேறாமலும் எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைக்க வேண்டும். டார்க் ரெஞ்சின் சுருளைத் தளர்த்தி வைக்க வேண்டும். அதனோடு ஒரு நோட்டுப் புத்தகமும் கட்டி வைத்து, வாங்கிச் சென்றவர் தம் எஞ்சினில் கண்ட அளவை, நல்லதாயினும் கெட்டதாயினும், அதில் எழுதித் திருப்பித் தர வேண்டும் என்று விதித்தால், அடுத்து அவ்வண்டியை வாங்க வருபவர் அதனைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.