மறைப்பும் அருளே



முதல்வன் இயற்றும் ஐந்தொழில்களுள் படைத்தலும் காத்தலும் அருளலும் அருட்செயல்கள் என்பதனை யாவரும் எளிதின் உடன்படுவர். அழித்தலும் உயிர்களின் இளைப்பொழித்தற் பொருட்டே என்று ஒருவாறு தேறுவர். மறைத்தல் அருளாமாறு எங்ஙனம் என்பதே பலர்க்கும் நிகழும் ஐயம். "இறைவன் எம்மைக் கைவிட்டான்" என்று துன்பக் காலத்துக் கலங்கும் நெஞ்சிற்கு இவ்வையம் வெறும் நூலாராய்ச்சியன்று. இதனைத் தெளிதற்குத் தஞ்சை மாநகர் செல்வார் காணத்தக்க சான்றுகள் இரண்டுள.

ஒன்று, அரண்மனைக் கலைக்கூடத்தில் உள்ளது. அது திருவெண்காட்டில் 1951-ஆம் ஆண்டு நிலத்தினின்றும் வெளிப்பட்ட விடைவாகனர் செப்புத் திருமேனி. அதன் காலம் 1011-ஆம் ஆண்டென்பது கல்வெட்டாற் பெறப்படும். அரவு பிணைந்த சடையைத் தலைப்பாகை போலச் சுற்றி, கால்களைக் குறுக்கிட்டு, விடைமேற் கை சாய்த்து நிற்கும் கோலம் அது. ஆயின், ஆண்டு விடை இல்லை. நீட்டிய திருக்கை வெற்றிடத்தே நிற்கின்றது. காண்பார் பலர் அதனைக் குறையெனக் கொள்வர். விடை உயிரைக் குறிக்கும் என்பாரும் உளராகலின், வந்தணையும் பசுவின்பொருட்டு நீட்டிய கையாகவே அஃது எமக்குத் தோன்றிற்று.

மற்றொன்று, எவரும் எதிர்பாராத இடத்தது. இராசராச சோழர் 1010-ஆம் ஆண்டில் நிறைவித்த பெருவுடையார் கோயிலில், கருவறையைச் சூழ்ந்து இருண்ட உட்சுற்று ஒன்று உளது. அதன் சுவர்களில் நாயக்கர் காலத்து ஓவியங்களே நெடுங்காலம் காணப்பட்டன. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து வரலாற்றாசிரியர் திரு. எஸ். கே. கோவிந்தசாமி 1931-ஆம் ஆண்டில் ஆண்டுப் புக்கு ஆராய்ந்தபொழுது, மேற்பூச்சின் அடியில் சோழர் கால ஓவியங்கள் அழியாதிருத்தலைக் கண்டறிந்தார். பிற்காலத்துத் தொல்லியல் துறையினர் மேலோவியத்தைச் சிதையாமற் பெயர்த்துத் தனிப்பலகையிற் பதித்து, கீழோவியத்தையும் வெளிப்படுத்தினர்.

அங்ஙனம் மறைந்திருந்த ஓவியங்களுள் ஒன்று யாது? நம்பியாரூரர் திருமணத்தை இறைவன் முதிய வேதியனாய் வந்து தடுத்தாட்கொண்ட வரலாறே! வந்தவன் இன்னான் என ஆரூரர் அறிந்திலர். பித்தன் என்று இகழ்ந்தார். தன்னை மறைத்து வந்தமையாலன்றோ அவ்வழக்கு நிகழ்ந்தது? வழக்கு நிகழ்ந்தமையாலன்றோ அவர் ஆட்கொள்ளப்பட்டார்?

அற்றேல், ஆணவமும் மறைப்பதுதானே, அதுவும் அருளாமோ எனின், ஆகாது. ஆணவம் அறிவை மறைத்து உயிரை அறியாமையில் நிறுத்தும். திரோதான சத்தியோ, அம்மலத்தைத் தொழிற்படுத்தி, உயிரை வினைப்பயன் நுகர்வித்து, மலம் முதிர்ந்து கழலும் பக்குவத்தை விளைவிக்கும். மலத்தின்வழி நின்று தொழில் செய்தலான், அதற்கு மலம் என்பது உபசாரப் பெயர். நிலமும் சுண்ணமும் மறைத்தமை அறிவின்றி நிகழ்ந்தது. இறைவன் மறைத்தல் உயிர்நலங் கருதியது. உவமை ஒருபுடை ஒப்புமையே என்க.

இன்னும் ஒன்று: சுவரோவியம் தன் மேற்பூச்சைத் தானே களைந்துகொள்ளவில்லை, மண்ணிற் கிடந்த திருமேனி தானே எழுந்திலது. பிறிதோர் அறிவும் கையும் வேண்டியிருந்தன. உயிரும் தன் மலத்தைத் தானே நீக்கமாட்டாது. குருவாய் வரும் திருவருளே நீக்கும்.

ஆதலின், பயணஞ் செல்லும் அன்பர்கள் கலைக்கூடத்துத் திருவுருவங்களைக் காட்சிப்பொருள் என்று கடந்து போகற்க. பூசனையற்ற இடத்தும் சிறிது நின்று நோக்குக. துன்பம் சூழ்ந்து இறைவன் தோன்றாத நாளினும், மறைந்தது இல்லாததாயிற்று என்று எண்ணற்க. ஊன்றிய திருவடியே உயிர்களை மறைப்பது என்பர். அவ்வடி நின்றதனாலன்றோ, அருளும் திருவடி தூக்கப்பட்டது!

திருச்சிற்றம்பலம்.