ஐயமும் சூழ்நிலையும்

ஒரு செயலைத் தனித்து நோக்கிக் குற்றமெனத் தீர்மானித்தல் நீதியாகுமா? நிறுவனங்களின் கணினிப் பாதுகாப்பு இவ்வினாவை நாள்தோறும் எதிர்நோக்குகின்றது. நள்ளிரவில் ஓர் ஊழியர் பெருந்தொகையான கோப்புக்களைப் பிரதிசெய்கிறார் எனக் கொள்வோம். அது களவாகவும் இருக்கலாம். ஆண்டிறுதிக் கணக்கு வேலையாகவும் இருக்கலாம். செயல் ஒன்றே, சூழ்நிலையே அதற்குப் பொருள் தருகின்றது.

1986ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்தில், கணினிப் பாவனைக் கட்டணக் கணக்கில் 75 சதம் பொருந்தவில்லை. தனித்து நோக்கின் அஃது அற்பத் தவறே. வானியலாளரான கிளிஃபர்ட் ஸ்டோல், யார், எப்போது, எவ்வழியாக என்னும் வினாக்களோடு அதனை இணைத்து ஆராய்ந்தார். ஈற்றில், மேற்கு ஜேர்மனியிலிருந்து அமெரிக்க இராணுவக் கணினிகளை ஊடுருவி, பெற்ற தகவல்களைச் சோவியத் உளவுத்துறைக்கு விற்ற குழுவொன்று வெளிப்பட்டது.

சூழ்நிலையறிவின் பயனை இது காட்டுகின்றது. ஆயின், அவ்வறிவைப் பெறுவதற்கு ஊழியர் அனைவரையும் கண்காணிக்க நேர்கின்றது. ஒருவர்மீதான ஐயத்தை நீக்கும் அதே பதிவுகள், ஏனையோரின் அந்தரங்கத்தையும் திறந்துவிடுகின்றன. எனவே, திரட்டப்படுவது செயலைப் பற்றியதாக அமைய வேண்டுமேயன்றி, ஆளின் வாழ்வைப் பற்றியதாக அமைதல் ஆகாது.

மேலும், ஆபத்தைத் தடுக்கும்பொருட்டு வாயிலை உடனே மூடலாம். ஒருவரைக் குற்றவாளியெனக் கூறுதல் வேறு. என்ன நிகழ்ந்தது என்பதைப் பதிவுகள் கூறும். ஏன் நிகழ்ந்தது என்பதைச் செய்தவரே அறிவார். அவரை வினவாது வழங்கப்படும் தீர்ப்பு, எத்துணைத் தகவல் திரண்டிருப்பினும், சூழ்நிலை அறிந்த தீர்ப்பாகாது.