அச்சத்தின் அளவுகோல்

புதுநோய் தோன்றுங்கால், ஆண்டுதோறும் சளிக்காய்ச்சல் உலகில் இலட்சக்கணக்கானோரைக் கொல்வதைச் சுட்டி, 'இதற்கு ஏன் இத்துணை நடுக்கம்?' என்று வினவுவோர் உளர். வினா நியாயமானதே. 1998-99இல் மலேசியாவில் நிபா நோயால் மாண்டோர் ஏறத்தாழ 105 பேர் மட்டுமே. ஆனால் நோயுற்றோரே 265 பேர்தாம். ஐவரில் இருவர் மடிந்தனர்! தொடக்கத்தில் அதைப் பழகிய ஜப்பானிய மூளைக்காய்ச்சலென்றே கருதிக் கொசுவுக்குப் புகையடித்தனர், தடுப்பூசியும் இட்டனர். பன்றிப் பண்ணைகளில் உழைத்தோரோ தொடர்ந்து மாண்டனர். 1999 மார்ச்சில் கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர் புதிய கிருமியைக் கண்டறிந்த பின்னரே உண்மை தெளிந்தது. பழையதன் பெயரால் புதியதை அளந்ததே அங்குப் பிழையாயிற்று. அதற்காகச் சளிக்காய்ச்சலை எளிதென இகழ்தலும் முறையன்று. பேரன் பள்ளியிலிருந்து கொணர்ந்த காய்ச்சல் கிள்ளானில் ஒரு பாட்டியின் உயிரைக் கொண்டுபோகுமாயின், அவ்வீட்டாரிடம் எந்தப் புள்ளிவிவரத்தை எடுத்துரைப்பது?