வக்காலத்து யாருக்கு?

கர்நாடகத்தில், மாதேஸ்வரன் மலைக்குப் போகும் வழியை ஒட்டி, ஹனூர் தாலுகாவில் இருக்கிறது மார்டள்ளி. இப்போது சாமராஜநகர் மாவட்டம். 1997 வரை மைசூர் மாவட்டம். தமிழ் பேசும் விவசாயக் குடும்பங்கள் வாழும் ஊர், அவர்களில் கிறிஸ்தவர்கள் ஏராளம். இந்த வட்டாரம் இருபத்தைந்து ஆண்டுகளில் இரண்டு பெரிய குற்ற வழக்குகளைப் பார்த்துவிட்டது. ஒன்றில் இந்த மண்ணின் ஆட்கள் கூண்டில் நின்றார்கள். இன்னொன்றில் பிணங்களை வாங்கிப் புதைத்தார்கள்.

முதலாவது, 1993 ஏப்ரல் 9 அன்று நடந்த பாலாறு கண்ணிவெடிச் சம்பவம். காட்டுக் கொள்ளைக்காரன் வீரப்பனின் கும்பல் வைத்த வெடியில் போலீசாரும் வனத்துறையினரும் அவர்களுடன் போனவர்களுமாக 22 பேர் இறந்தார்கள். இரண்டாவது, 2018 டிசம்பர் 14 அன்று சுளுவாடி மாரம்மா கோயிலில் நடந்தது. கோபுர அடிக்கல் விழாவில் கொடுத்த பிரசாதச் சோற்றில் பூச்சிமருந்து கலந்திருந்தது. 17 பேர் இறந்தார்கள். கோயில் நிர்வாகத்தை யார் கையில் வைத்திருப்பது என்ற சண்டையே காரணம் என்று போலீஸ் சொன்னது. நான்கு பேர் கைதானார்கள்.

சோற்றில் விஷம் வைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவருக்கு வக்காலத்து போடலாமா? பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் இதைக் கேட்டால் கூடாது என்றுதான் சொல்வார். அந்தக் கோபத்தைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அதே வட்டாரத்தில் 1993-க்குப் பிறகு நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

பாலாறு சம்பவத்துக்குப் பின் நூற்றுக்கும் மேற்பட்டோர் தடா எனப்படும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் உள்ளே போனார்கள். அந்தச் சட்டத்தில் ஜாமீன் கிடைப்பது குதிரைக்கொம்பு. எஸ்.பி. நிலையில் உள்ள போலீஸ் அதிகாரி பதிவு செய்த வாக்குமூலமே சாட்சியம். உயர் நீதிமன்றப் படி கிடையாது. மேல்முறையீடு நேராக டில்லி உச்ச நீதிமன்றத்துக்கு. 1995-இல் சட்டம் காலாவதியானது. அதில் கைதானவர்களில் பலர் அப்போதும் மைசூர்ச் சிறையில் இருந்தார்கள். 2000-இல் நடிகர் ராஜ்குமாரைக் கடத்திய வீரப்பன் இவர்களை விடச் சொன்னபோது, கர்நாடக அரசு வழக்கை வாபஸ் வாங்கத் தயாரானது. வீரப்பனால் கொல்லப்பட்ட எஸ்.ஐ. ஷகீல் அகமதுவின் தந்தை அப்துல் கரீம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். நீதிமன்றம் அரசைத் தடுத்தது. மகனை இழந்த தகப்பன் செய்தது சரி. கொள்ளைக்காரனின் மிரட்டலுக்குப் பணிந்து கைதிகளை விடக் கூடாது. சாட்சியத்தை எடைபோட்ட பிறகுதான் விட வேண்டும்.

எடைபோட்டபோது என்ன ஆயிற்று? 2001 செப்டம்பரில் மைசூர் தடா நீதிமன்றம் பெரும்பாலோரை விடுதலை செய்தது. அவர்களில் பலர் எட்டு ஆண்டுகள் உள்ளே இருந்துவிட்டு வெளியே வந்தார்கள். வீரப்பன் கூட்டாளிகள் என்று நாடே நம்பிய கூட்டத்தில், அரசுத் தரப்பால் நிரூபிக்க முடிந்தது ஒரு சிறு பகுதிதான். "இவர்களுக்கெல்லாம் எதற்கு வக்கீல்" என்று மைசூரில் எல்லோரும் ஒதுங்கியிருந்தால், அந்த எடைபோடுதலே நடந்திருக்காது.

தண்டிக்கப்பட்டவர்களில் நால்வருக்கு ஆயுள். அவர்களில் ஒருவர் மார்டள்ளியை அடுத்த சந்தனபாளையத்துக்காரர். தண்டனையை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார்கள். 2004 ஜனவரியில் அந்த நீதிமன்றம், தானே நோட்டீஸ் கொடுத்து, ஆயுளைத் தூக்காக உயர்த்தியது. நியாயம் கேட்டுப் போனவன் கழுத்துக்குக் கயிறு. ஒன்பது ஆண்டுகள் கருணை மனு கிடப்பில் கிடந்து, 2013 பிப்ரவரியில் நிராகரிக்கப்பட்டது. பெலகாவி இண்டல்கா சிறையில் எந்த நேரமும் தூக்கு நடக்கலாம் என்ற நிலையில், வழக்கறிஞர்கள் ஓடி உச்ச நீதிமன்றத்தில் தடை வாங்கினார்கள். 2014 ஜனவரி 21 அன்று தலைமை நீதிபதி சதாசிவம் தலைமையிலான அமர்வு, காலதாமதத்தைக் காரணம் காட்டி நால்வரின் தூக்கையும் ஆயுளாகக் குறைத்தது. அவர்கள் நிரபராதிகள் என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. குற்றவாளி என்று முடிவான பிறகும் ஒரு மனிதனுக்கு உரிமை மிச்சமிருக்கிறது என்று சொன்னது. கஷ்டமான பாடம்தான். 22 பேரின் குடும்பங்களுக்கு அது கசந்திருக்கும்.

குற்றம் செய்தவன் என்று தெரிந்தே எப்படி வாதாடுவது என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. இந்திய பார் கவுன்சில் விதி இதற்குத் தெளிவாகப் பதில் வைத்திருக்கிறது: கட்சிக்காரர் குற்றம் செய்தாரா இல்லையா என்று தனக்கு என்ன தோன்றினாலும் வழக்கறிஞர் அவருக்காக வாதாட வேண்டும். தீர்ப்பு சொல்வது நீதிபதியின் வேலை. வக்கீல் தன் அறையிலேயே தீர்ப்பு எழுதிவிட்டால், கூண்டில் நிற்பவனுக்கு மேல்முறையீடே இல்லாத ஒரு தண்டனை விழுந்துவிடுகிறது. ஆனால் இந்தக் கடமைக்கு எல்லை உண்டு. அரசுத் தரப்புச் சாட்சியை எவ்வளவு கடுமையாகவும் குறுக்கு விசாரணை செய்யலாம். பொய்ச் சாட்சி தயார் செய்யக் கூடாது. சாட்சியின் வீட்டுக்கு ஆள் அனுப்பக் கூடாது. தன் கட்சிக்காரர்தான் செய்தார் என்று தெரிந்தும் பழியை ஓர் அப்பாவி மேல் தள்ளக் கூடாது. நிரூபியுங்கள் என்று கேட்பது தற்காப்பு, நடந்ததை மறைக்கக் கதை கட்டுவது குற்றம். இந்தக் கோட்டைத் தாண்டும் வக்கீல்கள் இருக்கிறார்கள் என்பதால்தான் மக்களுக்கு இந்தத் தொழில் மேல் சந்தேகம். அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது.

வாதாட மறுப்பதைவிட மோசமானது, வக்காலத்து போட்டுவிட்டுச் சும்மா நிற்பது. இலவச சட்ட உதவியில் நியமனமாகி, கேஸ் கட்டைப் படிக்காமல் "குறுக்கு விசாரணை இல்லை" என்று சொல்லி உட்காரும் வக்கீலால், கூண்டில் நிற்பவனுக்கு வக்கீல் இருந்தார் என்ற பதிவு மட்டும்தான் மிஞ்சும். மார்டள்ளி போன்ற ஊரில் இது இரட்டைச் சுமை. ஆள் பேசுவது தமிழ். நீதிமன்றம் நடப்பது கன்னடத்தில், மேலே ஆங்கிலத்தில். குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புரியும் மொழியில் சாட்சியத்தை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். அதை நீதிபதியிடம் கேட்டு வாங்குவது, சிறைக்குப் போய் அவர் மொழியிலேயே அவர் தரப்பைக் கேட்பது, இவையும் தற்காப்பு வக்கீலின் கடமைதான். 2019-இல் உச்ச நீதிமன்றம், மரண தண்டனை விழக்கூடிய வழக்கில் நீதிமன்றம் நியமிக்கும் வக்கீலுக்குப் பத்தாண்டு அனுபவம் வேண்டும், தயாராகக் குறைந்தது ஏழு நாள் தர வேண்டும் என்றது. ஏழு நாள் குறைவு. அதையாவது கொடுக்க வேண்டும்.

சில ஊர்களில் வழக்கறிஞர் சங்கங்கள் கூடி "இந்த வழக்கில் யாரும் ஆஜராகக் கூடாது" என்று தீர்மானம் போடுவது வழக்கமாகிவிட்டது. கோயம்புத்தூரில், போலீஸோடு ஏற்பட்ட மோதலுக்குப் பிறகு, போலீஸ்காரர்களுக்கு யாரும் வாதாடக் கூடாது என்று தீர்மானம் வந்தது. 2010 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. இப்படிப்பட்ட எல்லாத் தீர்மானங்களும் சட்ட விரோதம் என்றும் சொன்னது. அன்று காப்பாற்றப்பட்ட உரிமை போலீஸ்காரர்களுடையது என்பதைக் கவனிக்க வேண்டும்.

குற்றம் சாட்டப்பட்டவருக்கு நல்ல வக்கீல் கிடைப்பதில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் அக்கறை இருக்க வேண்டும். 1997 டில்லி பஸ் குண்டுவெடிப்பு வழக்கில், பெரும்பாலான சாட்சிகள் விசாரிக்கப்பட்டபோது குற்றம் சாட்டப்பட்டவருக்கு வக்கீலே இல்லை. தூக்குத் தண்டனை உச்ச நீதிமன்றம் வரை வந்து, 2012-இல் ரத்தாகி, விசாரணை திரும்பத் தொடங்கியது. பதினைந்து ஆண்டு வீண். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 1998-இல் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. வக்கீல்கள் முழு மூச்சாக வாதாடியிராவிட்டால் அந்தப் பத்தொன்பது பேரும் செத்திருப்பார்கள்.

சுளுவாடியில் உறவை இழந்தவர்களுக்குக் கிடைக்க வேண்டியது, எத்தனை நீதிமன்றம் ஏறினாலும் ஆட்டம் காணாத ஒரு தீர்ப்பு. எதிர்த்தரப்பில் திறமையான வக்கீல் நின்று, ஒவ்வொரு சாட்சியையும் உரசிப் பார்த்த பிறகே அப்படி ஒரு தீர்ப்பு வரும். ஆகவே கொள்ளேகால், சாமராஜநகர், மைசூர் வழக்கறிஞர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கலாம்: எவ்வளவு வெறுக்கப்படும் ஆளாக இருந்தாலும் வக்காலத்தை வாங்குங்கள், வாங்கினால் கேஸ் கட்டைக் கடைசிப் பக்கம் வரை படியுங்கள்.