சஷ்டி விரதம் தவறல, சுகர் மாத்திரை ஏன் தவறுது?



எங்க திரேஸ்புரத்துல ஒரு அண்ணாச்சி. கந்த சஷ்டி ஆறு நாளும் பாலும் பழமும்தான். திருச்செந்தூருக்கு நடந்தே போவார். ஆனா சுகர் மாத்திரை வாரத்துல பாதி நாள் கிடையாது. கேட்டா, "அதெல்லாம் முருகன் பாத்துக்கிடுவான்டே" என்பார்.

அவருக்கு மன உறுதி இல்லைன்னு சொல்ல முடியுமா? ஆறு நாள் வயித்தைக் கட்டுற மனுஷன் அவர்.

இது பழைய கேள்விதான். 1956ல சென்னையில, டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில, காசநோய்க்கு ஆஸ்பத்திரியிலதான் படுக்கணுமா, வீட்டுல இருந்தே மருந்து சாப்பிட்டா போதுமான்னு 193 பேரை வச்சுப் பார்க்க ஆரம்பிச்சாங்க. ஒரு வருஷம் தினமும் மருந்து. சொல்லாம கொள்ளாம வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினாங்க, சிறுநீரைச் சோதிச்சாங்க. வீட்டுல இருந்தவங்களும் ஏறக்குறைய அதே அளவு தேறினாங்க. ஆனா மருந்து ஒழுங்கா உள்ளே போகுதாங்கிறதுதான் பெரிய பாடா இருந்தது. இருமல் நின்னா, மருந்தும் நின்னுடும். ஒருத்தர் கண் முன்னால மருந்து சாப்பிட வைக்கிற முறை வளர்ந்தது இதனாலதான்.

சஷ்டிக்கு அந்தக் கண்கள் தானாவே இருக்கு. "விரதமா?"ன்னு தெருவே கேக்கும், வீட்டுல சமையலே மாறிடும். ஆறாம் நாள் சூரசம்ஹாரம், அதோட ஒரு முடிவும் உண்டு. மாத்திரைக்கு முடிவே இல்ல, துணைக்கும் ஆள் இல்ல. சுகர் வலிக்கவும் செய்யாது, அதான் வினை.

இன்னொண்ணு. சீட்டுல "காலை சாப்பாட்டுக்கு முன்"னு எழுதியிருக்கும். விடியுமுன்னே வள்ளத்துல ஏறுறவருக்கு எது காலை, எது சாப்பாடு? அதை யாரும் கேக்கல. அடுத்த தடவை டாக்டர் திட்டுவாரேன்னு "ஒழுங்கா போடுறேன் சார்"னு பொய் சொல்லிட்டு வந்துடுறோம். 2021 ஆகஸ்ட்ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே மாத்திரை வருது. நல்ல விஷயம். ஆனா டப்பாவைத் திறக்குறது நாமதானே.

"முருகன் பாத்துக்கிடுவான்"கிறதை நான் பக்தியா எடுத்துக்கல. நம்ம வேலையை அவன் தலையில கட்டுறது அது. செந்தூர்ல அவன் சூரனை ஒரேயடியா ஒழிச்சா விட்டான்? மயிலாக்கி ஏறிக்கிட்டான், சேவலாக்கிக் கொடியில வச்சுக்கிட்டான். சுகரும் அப்படித்தான், போகாது. அடக்கிக் கூடவே வச்சுக்கணும்.

ஐப்பசி சஷ்டிக்கு விரதம் இருக்கப்போற சுகர்காரங்க வீட்டுல இருந்தா, இப்பவே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. சில மாத்திரையை வெறும் வயித்துல போட்டா சுகர் திடீர்னு இறங்கி மயக்கம் வரும், நாமளா நிறுத்தினா ஏறிடும். எதைக் குறைக்கணும், எப்போ போடணும்னு அவர் சொல்லுவார். எத்தனை மணிக்குக் கடலுக்குப் போறாங்கன்னும் மறக்காம சொல்லிடுங்க.

ஓம் சரவணபவ 🦚