பொறுமை யாருடைய கடன்?

முறிந்த எலும்பு தன்னைத் தானே இணைத்துக்கொள்ளும். மருத்துவர் செய்வது அதனை நேர்ப்படுத்தி நிறுத்துவதே. ஆயின் அவ்விணைப்புக்கு வேண்டிய காலத்தை அளிப்பவர் யார்? செட்டிபாளையத்தில் எம் வீட்டுத் திண்ணையில் எழுந்த வினா இது.

வாவியில் வீச்சுவலை வீசிப் பிழைக்கும் என் மாமா தோணித்துறையில் வழுக்கி விழுந்ததிற் கணுக்கால் முறிந்தது. தகடும் திருகாணிகளும் பொருத்திச் சத்திரசிகிச்சை நடந்தது. ஆறு வாரம் அக்காலை நிலத்தில் ஊன்றலாகாது என்றனர். நான்காம் வாரமே அவர் வாவிச் சேற்றில் இறங்கினார். கால் மீண்டும் வீங்கியது. தகடு பிறழாதது நற்பேறு. "பொறுமையில்லாத மனிதர்" என்றனர் அயலார். நானும் அவ்வாறே சொன்னேன்.

அத்தீர்ப்புப் பிழையென்று இன்று கருதுகிறேன். பேர்சிவல் பொட் என்னும் ஆங்கிலச் சத்திரசிகிச்சை நிபுணர் 1756இல் குதிரையிலிருந்து வீழ்ந்து கால் முறிந்து கிடந்தார். அப்படுக்கையிலேயே நூலெழுதத் தொடங்கினார். கணுக்கால் முறிவொன்று இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. அவர் பொறுமைசாலி என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் படுத்தவாறே செய்யத்தக்க பணியும் அவருக்கு இருந்தது. வீச்சுவலையைப் படுத்தவாறு வீச இயலுமா? இந்நாட்டு அரச மருத்துவமனையிற் சத்திரசிகிச்சைக்குக் கட்டணமில்லை. படுத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்குமோ அன்றைய உழைப்பே கட்டணம். மாதச் சம்பளமும் விடுமுறையும் உடையோர் இதனை உணர்தல் அரிது.

எனினும் ஒரு மறுப்பு உண்டு. மாமாவுடன் தோணியிற் செல்லும் தோழர், மீன் விற்ற பணத்தில் வழமையான பங்கை நாள்தோறும் கொண்டுவந்தார். மாமா வாங்க மறுத்தார். உழைக்காத கைக்குப் பங்கில்லை என்பது அவர் கொண்ட அறம். ஆகவே அவரை வாவிக்கு அனுப்பியது பொறுமையின்மை அன்று, பெறுவதற்கு நாணிய நாணமே. ஈதலை ஓயாது புகழும் நாம், தளர்ந்த காலத்திற் பெறுதலும் அறமே என்று எவருக்கேனும் கற்பித்தோமா?

பின்னர் இயன்மருத்துவர் பயிற்சி தந்தார். விறைத்த மூட்டு இளகுவதற்காக, மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்ட மாமா, பெருவிரலால் அந்தரத்தில் 'அ', 'ஆ' எழுதினார்! அடுத்துப் பாரம் ஏற்றல். தாங்கும் பாரத்துக்கேற்ப எலும்பு தன்னைத் திருத்தியமைக்கிறது என்று ஜேர்மனிய மருத்துவர் ஜூலியஸ் வொல்ஃப் 1892இல் எழுதினார். ஆயினும் அப்பாரம் முதலில் ஊன்றுகோலோடு பகிரப்பட்டே காலுக்கு வருகிறது. ஊன்றுகோலிடம் நாணாத மாமா தோழரிடம் நாணினார்.

அப்பணத்தை மாமி அவரறியாமல் வாங்கிவந்தார் என்பது பின்னரே தெரிந்தது. கணவரிடம் மறைத்தது தகுமா? தகும் என்பேன். மாமா இன்னும் ஒப்பவில்லை. கணக்குப் பார்த்துத் திருப்பித் தருவதாகச் சொல்கிறார். தோழரோ சிரித்துவிட்டுத் தோணியைத் தள்ளுகிறார்.