நந்தன் கேட்ட லீவு

1

கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தன் சரித்திரக் கீர்த்தனையில் நந்தன் ஆண்டையிடம் நிலம் கேட்கவில்லை, கூலியைக் கூட்டிக் கேட்கவில்லை. சிதம்பரம் போய்வர லீவு கேட்கிறான். கீர்த்தனை பாடுகிறவர்கள் அதைப் பக்தி என்பார்கள். சேரியில் அதற்குப் பேர் லீவுதான். நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார் அந்த வேதியர்.

பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சேக்கிழார் சொன்ன கதையில் இந்த ஆண்டை கிடையாது. அங்கே நந்தன் கோயில் முரசுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுக்கிறவன். நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று சொல்லிக்கொண்டே இருந்ததால் திருநாளைப்போவார். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரதி, ஒரு பண்ணையாள் ஏன் நாளை நாளை என்று தள்ளிப்போடுகிறான் என்று யோசித்திருக்கிறார். ஆள்காரனின் நாளை ஆண்டை கையில் இருக்கிறது. அதனால்தான் கதைக்குள் ஓர் ஆண்டை வந்து உட்காருகிறார்.

நந்தனை நெருப்பில் இறக்கியது பற்றி நம்மவர்கள் நிறைய எழுதியாச்சு. நான் பேச வந்தது நெருப்புக்கு முந்தின சங்கதி. ஒரு மனுசனுடைய நாள் யாருக்குச் சொந்தம்? லீவு என்பது ஒருத்தர் கொடுத்து இன்னொருத்தர் வாங்குவதா, இல்லை பொறக்கும்போதே கூட வருவதா? இதை ஒரு தத்துவக் கேள்வி என்று பல்கலைக்கழகத்தில் யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. தமிழ் எம்.ஏ.யில் நந்தன் பக்தி இலக்கியத் தாளில் வந்தான், தேர்வோடு போனான்.

2

எங்க வீட்டில் இந்த மே மாதம் எப்படிப் போனது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். வீடு திருப்பாதிரிப்புலியூருக்குப் பக்கத்தில் ஒரு காலனி. முதல் பத்து நாள் சபையில் வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி. காலை எட்டரைக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட வேண்டும். பாட்டு, ஆக்ஷன் சாங், மனப்பாட வசனம், கலர் பேப்பரில் கிரீடம், கடைசி நாள் ஊர்வலம், பரிசு. அது முடிந்த கையோடு நாத்தனார் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. தாய்மாமன் சீர் எங்களுடையது, ஆகவே ரெண்டு நாள் அலைச்சல், கொஞ்சம் கடன்.

அப்புறம் வீடு. மாமனார் காலத்தில் அரசாங்கம் கட்டிக்கொடுத்தது. தளத்தில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. மழைக்கு முன்னால் மேலே ஒரு பூச்சு பூசியாக வேண்டும். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது கூரை வீடெல்லாம் பறந்து, இந்தத் தளத்துக்குக் கீழேதான் தெருவில் பாதிப் பேர் ஒண்டிக் கிடந்தார்கள் என்பதால் அதன்மேல் எங்களுக்கு ஒரு மரியாதை. கொத்தனாருக்கு மட்டும் கூலி கொடுத்து, சித்தாள் வேலையை நானும் வீட்டுக்காரரும் கொழுந்தனும் பார்த்தோம். அக்னி நட்சத்திர வெயிலில் மணல் சட்டி ஏறி இறங்கியது. கடைசி வாரம் வாலிபர் முகாம், மூன்று நாள். விடியற்காலை ஜெபத்திலிருந்து ராத்திரி நாடகம் வரை டைம் டேபிள் போட்டு ஒட்டியிருந்தார்கள். நடுவில் வாலிபால்.

பத்து வயசு மகன் ஒரு ராத்திரி கேட்டான், "ஏம்மா, லீவு எப்ப வுடுவாங்க?"

லீவில்தான் இருக்கிறோம் என்று அவனுக்குத் தெரியவில்லை.

3

இந்த ஓட்டத்தை நான் குறையாக எழுதவில்லை. எங்க ஆயாவுக்கு இது சொர்க்கமாகத் தெரிந்திருக்கும். ஆயா படியாள் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு வந்தது. லீவு என்ற சொல் அதன் வாயில் வந்து நான் கேட்டதில்லை. மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் சோறு இல்லை, அவ்வளவுதான் கணக்கு. கோடை வந்தால் கழனியில் வேலை கிடையாது. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கொல்லைக்குக் கொட்டை பொறுக்கப் போக வேண்டும், இல்லாவிட்டால் செங்கல் சூளை. வேலை இல்லாத நாளுக்குப் பட்டினி என்றுதான் அர்த்தம். அந்த நாளிலும் ஊர்க்காரன் சேரியைப் பார்த்துச் சொன்ன சொல் சோம்பேறிங்க.

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். திருப்பாதிரிப்புலியூரில் ஞானியார் மடம் இருக்கிறது. ஞானியார் அடிகள் (1873-1942) பேச்சைக் கேட்டுத் தமிழ் படிக்க வந்தவர்கள் பலர். அவர் தமிழுக்குச் செய்ததை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சைவ மரபில் சும்மா இருத்தல் என்பது ஞானத்தின் உச்சி. வாய் அடங்கி, மனம் அடங்கி, சும்மா இருப்பது. அதே சும்மா சேரிக்கு வரும்போது வசவு. சும்மா கெடக்கறான், சும்மா திரியறான், சும்மா தின்னுட்டுத் தூங்கறான். ஒரே சொல் மடத்தில் ஞானமாகவும் சேரியில் குற்றமாகவும் இருக்கிறது. தமிழ் மடங்கள் பலவும் நிலத்தின் விளைச்சலில் நின்றவை. அந்த நிலத்தில் யாராவது சும்மா இருக்காமல் உழைத்ததால்தான் மடத்தில் ஒருத்தர் சும்மா இருக்க முடிந்தது.

நம்மூர் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். ஸ்கூல் என்ற சொல்லின் வேர் கிரேக்கத்தில் ஓய்வு என்று பொருள்படும் சொல். ஓய்வு உள்ளவன் படிக்க வந்த இடம் ஸ்கூல். நல்ல வாழ்க்கைக்கும் அரசியலுக்கும் ஓய்வு வேண்டும் என்று சொன்ன அரிஸ்டாட்டில், நிலத்தில் உழைக்கிறவர்கள் அடிமைகளாக இருப்பதே நல்லது என்றும் எழுதினான். ஓய்வை அவன் ஒரு பக்கத்தாருக்கு ஒதுக்கி வைத்தான். நம்முடைய தர்ம சாஸ்திரக்காரர்கள் பிறப்பை வைத்து ஒதுக்கினார்கள்.

இதற்கு நேர் எதிராகப் பேசியவர் அம்பேத்கர். காங்கிரசும் காந்தியும் தீண்டத்தகாதவர்களுக்குச் செய்தது என்ன என்று கேட்டு அவர் 1945இல் எழுதிய நூலில், எந்திரத்தை வெறுக்கும் காந்தியத்தை மறுக்கும் இடத்தில், ஓய்வைப் பற்றி விரிவாகப் பேசுகிறார். வயிற்றுக்காகவே நாளெல்லாம் போனால் மனுசனுக்கும் மிருகத்துக்கும் வித்தியாசம் இல்லை, பண்பாடு ஓய்விலிருந்துதான் வரும், ஆகவே சனநாயகம் ஒவ்வொருவருக்கும் ஓய்வைத் தர வேண்டும், எந்திரம் அதற்கு உதவும் என்பது அவர் வாதம். அரிஸ்டாட்டில் ஒதுக்கி வைத்ததை அவர் பங்கு போடச் சொன்னார்.

அவர் எழுதுவதோடு நிற்கவில்லை. 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, தொழிற்சாலைத் தொழிலாளிக்குக் கூலியோடு விடுமுறை என்ற திருத்தத்தைக் கொண்டுவந்தார். 1945இல் அது சட்டமானது. அடுத்த ஆண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பும் வந்தது. அதற்கும் முன்னால், பம்பாய் மில் தொழிலாளிகளுக்கு 1890இல் ஞாயிற்றுக்கிழமை லீவு வாங்கித் தந்தவர் நாராயண் மேகாஜி லோகண்டே, ஜோதிராவ் புலேயின் சத்திய சோதக் இயக்கத்துக்காரர். இன்றைக்கு ஐ.டி. கம்பெனியில் வார லீவு எடுக்கிறவனுக்கு இந்தப் பேர்கள் தெரியாது.

இதெல்லாம் மில்லுக்கு. கழனிக்கு? நடவுக்கும் களையெடுக்கவும் முந்திரி உடைக்கவும் போகிற எங்க தெருப் பொம்பளைகளுக்குக் கூலியோடு ஒரு நாள் லீவு கிடைத்து நான் பார்த்ததில்லை.

4

கிறித்தவம் சேரிக்கு வந்தபோது பள்ளிக்கூடம் கொண்டுவந்தது, ஆஸ்பத்திரி கொண்டுவந்தது என்று சொல்கிறோம். அதோடு ஞாயிற்றுக்கிழமையையும் கொண்டுவந்தது. ஏழு நாளில் ஒரு நாள் ஆண்டையுடையது இல்லை என்பது ஆண்டைக்குப் பெரிய அடி. திருவிதாங்கூரில் ஞானஸ்நானம் வாங்கிய அடிமைச் சாதி மக்கள் ஞாயிற்றுக்கிழமை வயலுக்குப் போகாததற்காக அடி வாங்கியிருக்கிறார்கள். அந்த நாளில் கோயிலுக்குப் போவதே ஒரு வேலைநிறுத்தம்.

ஓய்வுநாள் கட்டளை வேதத்தில் இரண்டு இடத்தில் வருகிறது. யாத்திராகமத்தில் சொல்லும் காரணம், கடவுள் ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார் என்பது. உபாகமம் ஐந்தாம் அதிகாரத்தில் காரணம் வேறு. நீ எகிப்தில் அடிமையாக இருந்தாய், அதை நினைத்துக்கொள், ஆகவே உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப் போல ஓயட்டும் என்கிறது. எங்களுக்கு இந்த இரண்டாவது காரணம்தான் சொந்தம். பிரசங்கத்தில் அதிகம் கேட்பது முதலாவது.

விடுமுறை வேதாகமப் பள்ளி வேறு ஒரு கவலையிலிருந்து பிறந்தது. 1901இல் நியூயார்க்கில் ராபர்ட் போவில் என்ற பாப்டிஸ்ட் போதகர், கோடையில் தெருவில் சும்மா திரிந்த ஏழைப் பிள்ளைகளையும், சும்மா பூட்டிக் கிடந்த கோயில்களையும், சும்மா இருந்த கல்லூரி மாணவர்களையும் ஒன்றாகச் சேர்த்து இதை ஓர் இயக்கமாக்கினார். நல்ல காரியம்தான். எங்க தெருவில் அந்தப் பத்து நாளும் பிள்ளைகள் முந்திரிக் கொல்லைக்குப் போவதில்லை, வேளைக்கு ஒரு பிஸ்கட்டும் டீயும் கிடைக்கிறது, மைக்கைப் பிடித்துப் பேசப் பழகுகிறார்கள். நானே மேடை பயம் தெளிந்தது அங்கேதான்.

ஆனாலும் அதன் அடியில் சும்மா என்ற பயம் இருக்கிறது. ஏழைப் பிள்ளை சும்மா இருந்தால் கெட்டுப்போகும். பணக்காரப் பிள்ளை சும்மா இருந்தால் ஊட்டிக்குப் போகும். ஊர் சொன்ன சோம்பேறி என்ற வசவை நாம் உள்ளே வாங்கிக்கொண்டு, பிள்ளையின் ஒவ்வொரு மணி நேரத்தையும் நிரப்பி, பாருங்க நாங்க சோம்பேறி இல்லை என்று யாருக்கோ நிரூபித்துக்கொண்டிருக்கிறோமா? ஆண்டை போன பிறகும் நாற்பது வேலியை நாமே நமக்கு அளந்து கொடுத்துக்கொண்டிருக்கிறோமா?

என் பதில் பாதி ஆமாம், பாதி இல்லை. சொந்தத் தளத்துக்கு மணல் சுமந்த களைப்பும் ஆண்டை களத்தில் மூட்டை தூக்கிய களைப்பும் உடம்புக்கு ஒன்றுதான். ராத்திரி படுக்கும்போது ஒன்றில்லை. எங்க நாளை நாங்களே செலவழித்தோம். அந்த உரிமையை ஓய்வு என்றே சொல்வேன். ஆனால் "நாங்க" என்ற சொல்லுக்குள் யார் யார் என்று பார்க்கும்போதுதான் சிக்கல்.

5

முகாமில் மூன்று நாளும் எழுபது பேருக்குச் சமைத்தது பெண்கள் ஐக்கிய சங்கம். சமத்துவம் பற்றிய வகுப்பு நடந்தபோது அவர்கள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். வகுப்பு எடுக்கப் போனவள் நான். ஜன்னல் வழியாக எங்கம்மா தெரிந்தாள்.

எங்கம்மா முந்திரி உடைக்கப் போகிறவள். முந்திரி ஓட்டின் எண்ணெய் பட்டால் கை பொத்துப்போகும். சாம்பலைத் தடவிக்கொண்டு உடைப்பார்கள். கிலோ கணக்கில் கூலி. போகாத நாளுக்குக் கூலி இல்லை. மூன்று நாள் கூலியை விட்டுவிட்டுத்தான் அங்கே உரித்துக்கொண்டிருந்தாள். கேட்டால், "கர்த்தருக்குச் செய்யறது, அதுல என்ன கணக்கு" என்பாள். எங்களில் ஆண்டையிடம் லீவு கேட்டவர்கள் உண்டு. கர்த்தரிடம் லீவு கேட்ட பொம்பளை யாரும் இல்லை.

உபாகமத்துப் பட்டியலை மறுபடி படித்தேன். நீ, உன் மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை, உன் வாசலுக்குள் இருக்கும் அந்நியன். மனைவி இல்லை. கழுதைக்கு இருக்கிற லீவு அவளுக்கு எழுதப்படவில்லை. இதை முகாமிலேயே கேட்டேன். எங்க சபையில் போதகரை அய்யர் என்றுதான் கூப்பிடுவோம். "நீ என்பதிலேயே மனைவியும் அடக்கம்மா" என்றார் அய்யர். அடக்கம்தான். அதைத்தான் நானும் சொல்கிறேன்.

எங்க பக்கத்துச் சபைக்கு இந்தக் கேள்வியைக் கேட்கும் கடமை மற்றவர்களைவிட அதிகம். கார்ல் ஓக்ஸ் என்ற ஜெர்மன் மிஷனரி, சபைக்குள் சாதியைப் பொறுத்துக்கொண்ட லைப்சிக் மிஷனிலிருந்து அதே சாதிப் பிரச்சினையில் பிரிந்து, கடலூருக்குப் பக்கத்தில் மேல்பட்டாம்பாக்கத்துக்கு வந்தார். 1860களில் டேனிஷ் மிஷன் அவரைச் சேர்த்துக்கொண்டது. ஆற்காடு லுத்தரன் திருச்சபை அந்த வேரில் வந்தது. அந்தக் காலத்தில் மிஷன்கள் சாதியை விட்டதற்குச் சோதனையாகக் கேட்டது கூடி உண்பது. 1847இல் மதுரை அமெரிக்க மிஷன் உபதேசிமார்களை ஒரே பந்தியில் உட்காரச் சொன்னபோது, மாட்டோம் என்று வேலையை விட்டுப் போனவர்கள் பலர். யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பது அன்றைக்கு விசுவாசத்தையே அளக்கும் கேள்வியாக இருந்தது.

இன்றைக்கு எங்க முகாமில் எல்லாரும் ஒரே பந்தியில் உட்காருகிறோம். சந்தோசம். அந்தச் சோதனையை இன்னும் ஒரு படி நீட்ட வேண்டும். பரிமாறிக்கொண்டே இருப்பது யார்? கடைசியில் அடுப்படியில் நின்றபடி தின்பது யார்? எச்சில் பாத்திரம் யாரிடம் போகிறது? சாதியின் வேலையே ஒருத்தர் ஓய்வை இன்னொருத்தர் உழைப்பின்மேல் நிறுத்துவது. அதை ஊரிடம் கண்டுபிடிக்கத் தெரிந்த நமக்கு, வீட்டிலும் சபையிலும் கண்டுபிடிக்கத் தெரியாமல் போனால், ஆண்டைக்குப் பதில் இன்னொருத்தர் வந்து உட்கார்ந்தார் என்றுதான் அர்த்தம்.

வரும் ஆண்டு மே மாதத்துக்கு வாலிபர் ஐக்கியத்தில் மூன்று விசயம் வைக்கிறேன். முகாமில் சமையலும் பாத்திரமும் வாலிபப் பையன்கள் பொறுப்பு. வி.பி.எஸ். பத்து நாளில் ஒரு நாளுக்கு டைம் டேபிள் கிடையாது. பிள்ளைகள் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய் அவர்கள் இஷ்டத்துக்கு இருக்கட்டும். மூன்றாவது, பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு ஒரு முழுநாள் லீவு. முதல் இரண்டுக்கும் தலையாட்டுவார்கள் என்று தெரியும். மூன்றாவதில் எங்கம்மாவே எழுந்து, அன்றைய முந்திரிக் கூலியை யார் தருவது என்று கேட்பாள். காணிக்கைப் பணத்திலிருந்து தரலாம் என்பது என் யோசனை. அய்யர் என்ன சொல்வார் என்பதைவிட, எங்கம்மா அதை வாங்கிக்கொள்வாளா என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வியாக இருக்கிறது.